2.80 ஜிபிஏவோடு தொடங்கி: மெடிக்கல் ஸ்கூலுக்கு முன் நான் கூடுதலாகப் படித்த ஒன்பது பாடங்கள்

2015 மே மாதம். பட்டம் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை வாங்கிய பில்லைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் கணக்கு எழுதினேன். 120 கிரெடிட் (பாடங்களின் எடையைச் சொல்லும் அளவு), ஜிபிஏ, அதாவது 4.0-க்கு எடுத்த சராசரி மதிப்பெண், 2.80. பெருக்கினால் 336 புள்ளி. இனிமேல் படிக்கிற எல்லாப் பாடத்திலும் ஏ, அதாவது முழு 4.0 வாங்கினால், எத்தனை கிரெடிட்டில் மொத்தம் 3.0 ஆகும்? 24. சரி, ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றியது. 3.2 ஆக? 60. 3.5 ஆக? நம்ப முடியாமல் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். 168 என்றே வந்தது. இன்னொரு முழுப் பட்டப்படிப்பை 4.0 வாங்கி முடித்தாலும் எனக்கு 3.4தான்.

அந்தக் கணக்கை இன்றைக்கும் எல்லோரிடமும் போடச் சொல்கிறேன். கூடுதல் பாடம் எடுத்தால் ஜிபிஏ ஏறும் என்று சொல்வது உண்மைதான். எவ்வளவு ஏறும் என்பதை யாரும் சொல்வதில்லை. முன்னால் 120 கிரெடிட் மலை மாதிரி உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வரும் 30, 40 கிரெடிட்டால் அதைக் கொஞ்சம்தான் அசைக்க முடியும். அப்படியானால் எதற்காக அந்தப் பாடங்களைப் படிக்கிறோம் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூல் என்பது நான்கு வருடப் பட்டப்படிப்புக்கு அப்புறம்தான். நீட் மாதிரி ஒரே தேர்வு, ஒரே தரவரிசை கிடையாது. கல்லூரி ஜிபிஏ, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், மருத்துவமனை அனுபவம், நேர்காணல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நான் விண்ணப்பித்த 2019-இல் எம்டி என்ற மருத்துவப் பட்டப்படிப்புக்கு (ஊரில் எம்பிபிஎஸ் மாதிரி) 53,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்துச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். அப்படிச் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.7-க்கும் மேல். என் 2.80-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனக்கு ஏன் குறைந்தது? பொள்ளாச்சியில் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். அப்பாவின் வேலைக்காக இங்கே வந்தோம். பாடத்தின் பின்பக்கக் கேள்வி பதிலை மனப்பாடம் செய்து, பிசகாமல் எழுதி, முதல் மூன்று இடத்துக்குள் வந்த பிள்ளை நான். இங்கே உயர்நிலைப் பள்ளியிலும் அந்த முறையே ஓடியது. பல்கலைக்கழகத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வந்தபோதுதான் நின்றுபோனது. அங்கே தேர்வில் கேட்பது நாம் பார்த்தே இராத மூலக்கூறு. மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் பக்கமாகக் கோடு போட்டுப் படித்த எனக்கு சி மைனஸ் வந்தது. வார இறுதியில் ஒரு கடையில் 20 மணி நேர வேலை வேறு.

இன்னொரு காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் நம் பிள்ளைகள் பலரிடம் அதைப் பார்க்கிறேன். இங்கே ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் ஆபீஸ் அவர்ஸ் என்று ஒதுக்கி, மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்பதற்காகவே அறையில் உட்கார்ந்திருப்பார். நான்கு வருடத்தில் நான் இரண்டு முறை போயிருப்பேன். எங்கள் பள்ளியில் வாத்தியார் அறைக்குக் கூப்பிட்டால்தான் போவோம், அதுவும் திட்டு வாங்குவதற்கு. தானாகப் போய்க் கதவைத் தட்டுவது மரியாதைக் குறைவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நிறைய யோசனை வந்தது. கோயமுத்தூரில் இருந்து சித்தப்பா போன் செய்து என்.ஆர்.ஐ. கோட்டாவைப் பற்றிச் சொன்னார். அப்பா ஒரு ராத்திரி மெதுவாக, “தோப்புல ஒரு பகுதியக் குடுத்துட்டு அங்கயே சேத்துரலாமா கண்ணு?” என்று கேட்டார். அது தாத்தா வைத்த தென்னை. எனக்குப் பேச்சே வரவில்லை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்த்த ஒரு மாமி கரீபியன் தீவில் இருக்கும் மெடிக்கல் ஸ்கூல் ஒன்றின் விளம்பரத் தாளைக் கையில் கொடுத்தார். ஜிபிஏ குறைவாக இருந்தாலும் உடனே சேர்த்துக்கொள்வார்கள் என்றார். அப்படிப் படித்துவந்து நல்ல மருத்துவர் ஆனவர்கள் இருக்கிறார்கள், என் மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். ஆனால் முடித்த பிறகு ரெசிடென்சி, அதாவது மருத்துவராக வேலை பார்ப்பதற்குத் தேவையான மருத்துவமனைப் பயிற்சி, கிடைக்க வேண்டுமே. அமெரிக்காவுக்குள் எம்டியோ, அதற்கு இணையான டிஓ என்ற மருத்துவப் பட்டமோ முடிக்கும் மாணவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ரெசிடென்சி இடம் கிடைக்கிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளாக மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் கிடைக்கிறது. நடுவில் படிப்பை விட்டுப்போனவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. தோப்பை விற்கக்கூடாது, இங்கேயே சரிசெய்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கொடுப்பினை இருந்தது. எனக்கு 17 வயதாகும்போதே எங்களுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் 21 வயதில் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். கிரீன் கார்டு இல்லாதவர்களைப் பல மெடிக்கல் ஸ்கூல்கள் எடுப்பதே இல்லை. உங்கள் வீட்டில் அந்த நிலை இருந்தால், கூடுதல் பாடத்துக்குப் பணம் கட்டும் முன் குறிவைத்திருக்கும் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் எடுத்துப் படியுங்கள்.

இங்கேயே சரிசெய்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, அந்த வேகத்திலேயே முதல் தவறையும் செய்தேன். 2015 இலையுதிர் பருவத்தில், ஒரு கிளினிக்கில் பில்லிங் பிரிவில் வாரம் 40 மணி நேர வேலை பார்த்துக்கொண்டே, மூன்று அறிவியல் பாடங்களை எடுத்தேன். ஒவ்வொன்றும் 4 கிரெடிட். உடலியங்கியல், செல் பயாலஜி, புள்ளியியல். அக்டோபர் கடைசியில் மூச்சுத் திணறியது. நவம்பரில் இரண்டு பாடங்களில் இருந்து விலகினேன். உடலியங்கியலில் பி வந்தது. விலகிய பாடங்களுக்கு எதிரே ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ என்ற எழுத்து விழுந்தது. டபிள்யூ ஜிபிஏவில் சேராது, ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும், கட்டிய பணமும் திரும்பாது. பருவம் தொடங்கி முதல் ஓரிரு வாரங்களுக்குள் பாடத்தை விட்டுவிட்டால் எந்தத் தடயமும் இருக்காது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அந்தத் தேதி ஒவ்வொரு கல்லூரியின் நாள்காட்டியிலும் அச்சிட்டிருக்கும். பாடத்துக்குப் பதிவுசெய்யும் அன்றே போனில் குறித்துக்கொள்ள வேண்டிய தேதி அது.

விலகுவதற்குக் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் இருந்த ஆலோசகர் என் பழைய மதிப்பெண்களையும் பார்த்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. “மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் நடுவில் உன்னிடம் என்ன மாறியது?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதே ஹைலைட்டர், அதே மனப்பாடம், அதே தயக்கம். முன்பு வார இறுதியில் மட்டும் வேலை, இப்போது வாரம் முழுக்க வேலை. இதில் மதிப்பெண் மட்டும் எப்படி மாறும்?

அதனால் 2016 வசந்த பருவத்தில் ஒரு பாடமும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, வருடம் வீணாகிறதே என்று கவலைப்பட்டாள். நான் பில்லிங் வேலையை விட்டுவிட்டு, ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஸ்க்ரைப் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் நோயாளியிடம் பேசப் பேச அவர் கூடவே நின்று குறிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. சம்பளம் குறைவு, வாரம் 24 மணி நேரம். மீதி நேரத்தில் பழைய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்து, தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், படிப்பது எப்படி என்று படித்தேன்.

புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் ஒரு வினை எப்படி நடக்கிறது என்று முதலில் இருந்து கடைசிவரை வரைவேன். எங்கே கை நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பார்ப்பேன். மறுபடி மூடிவிட்டு முதலில் இருந்து வரைவேன். இப்படி ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். முன்பு அதே ஒரு மணி நேரத்தில் 30 பக்கம் கோடு போட்டிருப்பேன்.

இன்னொன்று, தவறு நோட்டு. தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வரி: ஏன் தப்பு? தெரியவில்லையா, தெரிந்தும் அவசரமா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? நான்கு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் மூன்றாவது வகை. கேள்வியில் இருக்கும் ‘தவிர’ என்ற சொல்லைப் பார்க்காமல் போனதற்காகவா நான் இத்தனை வருடம் எனக்கு மூளையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அழுகையே வந்தது.

2016 இலையுதிர் பருவத்தில் இரண்டே பாடம். புள்ளியியலும், சி மைனஸ் வாங்கிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பகுதியும். இந்த முறை முதல் வாரத்திலேயே பேராசிரியர் அறைக்குப் போனேன். கேட்பதற்குச் சந்தேகம்கூட இல்லை, நான் வரைந்த தாள்களை எடுத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். அவர் இரண்டு தாளைப் பார்த்துவிட்டு, ஒரு பென்சிலால் என் அம்புக்குறியைத் தொட்டார். ஒரு புரோட்டான் ஆக்சிஜனோடு சேரும் இடம். நான் புரோட்டானில் இருந்து ஆக்சிஜனுக்கு அம்பு போட்டிருந்தேன். “இந்த இரண்டில் எலக்ட்ரான் யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டார். ஆக்சிஜனிடம். அப்போது அம்பு அங்கிருந்துதானே கிளம்ப வேண்டும்! அம்பு என்பது எலக்ட்ரான் ஜோடி போகும் பாதை. அணு நகரும் திசை என்று இரண்டு வருடமாக நினைத்து, படத்தைப் படமாகவே மனப்பாடம் செய்திருக்கிறேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை அந்தப் பேச்சு. அந்தப் பருவம் இரண்டு பாடத்திலும் ஏ.

இனி, பழைய பாடத்தைத் திரும்பப் படிப்பதா, புதிய மேல்நிலைப் பாடம் படிப்பதா என்ற கேள்வி. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எம்டி விண்ணப்பங்களைத் தொகுக்கும் ஆம்காஸ் அமைப்பு ஜிபிஏவைத் தானே மறுபடி கணக்குப் போடும். உங்கள் கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுப் புதியதை வைத்திருந்தாலும் சரி, ஆம்காஸில் இரண்டுமே எண்ணப்படும். டிஓ விண்ணப்பங்களைத் தொகுக்கும் ஏகோமாஸில் மட்டும் அந்தக் காலத்தில் புதிய மதிப்பெண் பழையதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சி வாங்கிய பாடங்களை எல்லாம் திரும்பப் படித்து ஏ ஆக்கிவிட்டால், டிஓ பக்கம் என் ஜிபிஏ கிடுகிடுவென ஏறும். அதுதான் என் திட்டமே. 2017 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது: அந்த ஆண்டு மே மாதம் முதல் ஏகோமாஸும் எல்லா முயற்சிகளையும் எண்ணும். அன்றைக்கு ஸ்க்ரைப் வேலையின் இடைவேளையில் போனில் படித்தேன். சாப்பிட முடியவில்லை.

ஆனால் அந்த மாற்றம்தான் என்னைச் சரியான பக்கம் தள்ளியது. மெடிக்கல் ஸ்கூலில் சேரக் கட்டாயமான முன்தேவைப் பாடங்களில் சி மைனஸோ அதற்குக் கீழோ இருந்தால் திரும்பப் படித்தே ஆக வேண்டும், பெரும்பாலான கல்லூரிகள் குறைந்தது சி கேட்கும். சி பிளஸ், பி மைனஸ் வாங்கிய பாடங்களைத் திரும்பப் படிப்பதில் அர்த்தமில்லை. அந்தக் காசையும் நேரத்தையும் வைத்து, அதற்கு மேலே உள்ள பாடத்தில் ஏ வாங்கிக் காட்டினால், கீழே உள்ளது தெரியும் என்பது தானாக நிரூபணம் ஆகிறது. நான் திரும்பப் படித்தது ஆர்கானிக் முதல் பகுதி ஒன்றைத்தான். முன்பு எடுக்காமல் விட்டிருந்த ஆர்கானிக் இரண்டாம் பகுதியை 2017 வசந்தத்தில் படித்தேன், ஏ மைனஸ். கூடவே மரபியல், கோடையில் நுண்ணுயிரியல், இலையுதிரில் பயோகெமிஸ்ட்ரியும் விட்ட செல் பயாலஜியும், 2018 வசந்தத்தில் நோயெதிர்ப்பியல். ஐந்திலும் ஏ.

ஒன்பது பாடம், 36 கிரெடிட். ஒரு பி, ஒரு ஏ மைனஸ், ஏழு ஏ. அந்த 36 கிரெடிட்டின் ஜிபிஏ 3.86. மொத்த ஜிபிஏ எவ்வளவு ஆனது தெரியுமா? 3.04. இரண்டரை வருட உழைப்புக்கு 0.24 ஏற்றம்.

இதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், காரணம் இதுதான். ஆம்காஸ் உங்கள் ஜிபிஏவை ஒரே எண்ணாக அனுப்புவதில்லை. முதல் வருடம், இரண்டாம் வருடம், மூன்றாம், நான்காம், அப்புறம் பட்டத்துக்குப் பின் என்று வரிசை வரிசையாகக் கட்டம் போட்டு அனுப்புகிறது. பட்டத்துக்குப் பின் படிக்கும் இளங்கலைப் பாடங்களுக்கு இங்கே போஸ்ட்-பேக் என்று பெயர். ஒவ்வொரு வரிசையிலும் அறிவியல் ஜிபிஏ தனி, மற்றவை தனி, மொத்தம் தனி. என் கட்டத்தில் மேலே 2.5, 2.6 என்று தடுமாறிய எண்களுக்குக் கீழே போஸ்ட்-பேக் வரிசையில் 3.86 தனியாக நின்றது. சராசரியை ஏற்றுவதற்காகப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த ஒரு வரிசையை எழுதுவதற்காகத்தான் படித்திருக்கிறேன். அதில் இன்னொரு பி, இன்னொரு டபிள்யூ விழுந்தால் அந்த வரிசையின் பேச்சே மாறிவிடும். அதனால்தான் ஒரு பருவத்துக்கு நான்கு பாடம் எடுத்து பி வாங்குவதைவிட, இரண்டு பாடம் எடுத்து ஏ வாங்குவது மேல் என்கிறேன். முழுநேரமாகப் படிக்க வசதி இருந்து, சுமை தாங்குவேன் என்பதையும் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. எனக்கு அந்த வசதி இல்லை.

3.04 என்பதிலும் ஒரு பயன் உண்டு. சில கல்லூரிகள் 3.0-க்குக் கீழே உள்ள விண்ணப்பங்களை ஆளே பார்க்காமல் ஒதுக்கிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டியது பெரிய காரியம். அறிவியல் ஜிபிஏவிலும் இதே கணக்கு. அது உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கில் இருந்து மட்டும் வருவதால் அடிப்படை கிரெடிட் குறைவு, அதனால் வேகமாக அசையும். எனக்கு 50 கிரெடிட்டுக்கு 2.40 இருந்தது, 36 கிரெடிட் சேர்ந்ததும் 3.01 ஆனது. புள்ளியியல் கணிதத்தில் சேரும். பொதுச் சுகாதாரம் மாதிரிப் பாடங்கள் மருத்துவத்துக்கு நெருக்கமாகத் தோன்றினாலும் அறிவியல் கணக்கில் சேராது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும்.

எங்கே படிப்பது? போஸ்ட்-பேக் திட்டம் என்று பெயர் வைத்து, ஆலோசகரும், கல்லூரிக் குழுவே எழுதும் பரிந்துரைக் கடிதமும் கொடுத்து நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பல, அறிவியலே படிக்காமல் வேறு துறையில் இருந்து வருபவர்களுக்கானவை. முன்பே படித்துக் குறைவாக வாங்கிய நம்மைப் போன்றவர்களை எடுக்காது. ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன் போன்ற இடங்களில் மாலை நேரத்தில் தனித்தனிப் பாடமாக எடுத்துப் படிக்கலாம். நான் என் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே பட்டப்படிப்பில் சேராத மாணவியாக, நானே பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் படித்தேன். ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 1,600 டாலர், விட்ட இரண்டையும் சேர்த்து 11 பாடத்துக்குக் கட்டியிருக்கிறேன். கம்யூனிட்டி காலேஜ் இன்னும் மலிவு, ஆனால் மேல்நிலை அறிவியல் பாடங்கள் அங்கே பெரும்பாலும் கிடைக்காது.

எஸ்எம்பி என்கிற சிறப்பு மாஸ்டர்ஸ் படிப்பைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு வருடம், மெடிக்கல் ஸ்கூல் தரத்திலான பாடங்கள், சில இடங்களில் மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பு. நன்றாகச் செய்தால் கதவு திறக்கும், அதே கல்லூரியே எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்த மதிப்பெண் முதுநிலைக் கட்டத்தில் தனியாகப் போய் உட்காரும், இளங்கலை ஜிபிஏவை ஒரு புள்ளிகூட ஏற்றாது. 2.80-ஓடு அங்கே போயிருந்தால், 4.0 வாங்கினாலும் 3.0 கோட்டுக்குக் கீழேதான் நான் நின்றிருப்பேன். அங்கே சறுக்கினால் அடுத்த வாய்ப்பும் இல்லை. இளங்கலை ஜிபிஏ 3.2, 3.3 இருந்து, ஏற்றம் காட்ட வேண்டியவர்களுக்கு அது பொருந்தும் என்பது என் எண்ணம். டெக்சாஸில் வசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. அங்கே அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட் என்ற மாநிலச் சட்டப்படி, 10 வருடத்துக்கு முந்தைய மதிப்பெண்களை ஒட்டுமொத்தமாக விலக்கிவைக்கக் கேட்கலாம். அதில் நல்ல மதிப்பெண்ணும் சேர்ந்தே போகும்.

கூடுதல் பாடங்களால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன், மதிப்பெண்கூட இல்லை, கடிதங்கள். மெடிக்கல் ஸ்கூல்கள் பொதுவாக இரண்டு அறிவியல் பேராசிரியர்களின் கடிதம் கேட்கும். நான்கு வருடம் படித்த இடத்தில் என் பெயர் தெரிந்த அறிவியல் பேராசிரியர் ஒருவர்கூட இல்லை. போஸ்ட்-பேக்கில் அந்த அம்புக்குறிப் பேராசிரியரும், நோயெதிர்ப்பியல் பேராசிரியரும் எழுதினார்கள். பருவம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் கேட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு முகம்கூட நினைவிருக்காது.

2017 ஜூனிலேயே விண்ணப்பிக்க ஆசை வந்தது. அப்போது ஐந்து பாடம்தான் முடிந்திருந்தது, எம்கேட் எழுதவில்லை. பொறு என்று அதே ஆலோசகர் சொன்னார். நிராகரிக்கப்பட்டால் அடுத்த முறை, போன வருடத்தில் இருந்து என்ன மாறியது என்ற கேள்வியோடுதான் உள்ளே போக வேண்டும். அந்தக் கேள்வி எனக்கு ஏற்கனவே தெரிந்த கேள்வி ஆயிற்றே, பொறுத்தேன். எம்கேட்டையும் பாடங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளவில்லை. ஜிபிஏ குறைந்தவர்களுக்கு எம்கேட் இன்னொரு சாட்சி. புதிய மதிப்பெண்கள் தற்செயல் இல்லை என்று அது சொல்ல வேண்டும். 472-இல் இருந்து 528 வரை மதிப்பெண், இடைவேளையோடு ஏழரை மணி நேரத் தேர்வு. ஏழு மாதம் படித்து 2019 வசந்தத்தில் எழுதி 510 வாங்கினேன். பயோகெமிஸ்ட்ரியும் செல் பயாலஜியும் தனியாகப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு பாடத்தையும், டபிள்யூ உட்பட, ட்ரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே நாமே தட்டச்சு செய்ய வேண்டும். பிழை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், வாரக்கணக்கில் தாமதமாகும். படித்த எல்லா இடங்களின் ட்ரான்ஸ்கிரிப்டும் வேண்டும், ஒரு கோடையில் ஒரே ஒரு பாடம் படித்த இடமானாலும். நான் ஜூன் முதல் வாரத்தில் அனுப்பினேன், எம்டி 12, டிஓ 10. இடங்கள் நிரம்ப நிரம்ப வாய்ப்பு குறைந்துகொண்டே போகும் என்பதால் ஜிபிஏ குறைந்தவர்கள் ஆகஸ்டில் அனுப்பவே கூடாது. குறைந்த மதிப்பெண்ணைப் பற்றிக் கட்டுரை முழுக்க எழுத வேண்டாம். நான் எழுதியது மூன்று வாக்கியம்: எப்படிப் படித்தேன், என்ன மாற்றினேன், அதற்குப் பின் மதிப்பெண் என்ன.

டிஓ என்றால் என்ன என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். எம்டி போலவே முழு மருத்துவர்தான், அறுவைச் சிகிச்சை முதல் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். கூடுதலாகக் கையால் தசை, மூட்டுகளைச் சரிசெய்யும் பயிற்சியும் உண்டு. 2020-இல் இருந்து இரண்டு பிரிவினருக்கும் ரெசிடென்சி அங்கீகாரமும் ஒரே அமைப்பின் கீழ்தான்.

ஐந்து நேர்காணல் வந்தது, நான்கு டிஓ, ஒரு எம்டி. எம்டி காத்திருப்போர் பட்டியலோடு நின்றுவிட்டது. டிஓவில் இரண்டாவது நேர்காணலில், எதிரே இருந்த மருத்துவரின் மேசையில் என் ஜிபிஏ கட்டம் அச்செடுத்துக் கிடந்தது. அவர் மேல் வரிசைகளைத் தாண்டிக் கடைசி வரிசையில் விரலை வைத்து, “இங்கே என்ன நடந்தது, சொல்” என்றார். அம்புக்குறியில் இருந்து தொடங்கினேன். 15 நிமிடம் அதைப் பற்றித்தான் பேசினோம். அந்தக் கல்லூரியில்தான் 2020-இல் சேர்ந்தேன். 2024-இல் முடித்து இப்போது இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சியில் இருக்கிறேன். தோப்பு அப்படியே இருக்கிறது. போன முறை ஊருக்குப் போனபோது அப்பா என்னை அங்கே கூட்டிப்போய் இளநீர் வெட்டிக் கொடுத்தார், அந்தப் பழைய பேச்சை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

போன வாரம் தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒருவன் பேசினான். 2.6, பட்டம் வாங்கி மூன்று மாதம் ஆகிறது, முழுநேர வேலை, வருகிற பருவத்துக்கு நான்கு அறிவியல் பாடங்களுக்குப் பதிவு செய்திருக்கிறான். ட்ரான்ஸ்கிரிப்டை அனுப்பு என்றேன், அனுப்பினான். இரண்டு பாடத்தை விட்டுவிடு, தடயமில்லாமல் விடுவதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. நாளைக்கு டியூட்டி முடிந்ததும் நானே கூப்பிடப் போகிறேன்.